அம்மாவுக்குக் கால்சியம் 11.4: புற்றுநோயா?

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் 'புற்றுநோயா?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான். மாஸ்டர் செக்கப்பில் ரத்தக் கால்சியம் 11.4 வந்திருக்கிறது, அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் காலையில் எழுந்து கோலம் போட்டு, சமையலும் செய்கிற 61 வயது அம்மா. இவருக்குப் புற்றுநோய் என் முதல் சந்தேகம் அல்ல. புற்றுநோயால் கால்சியம் ஏறும்போது பெரும்பாலும் நோய் முற்றி, ஆள் இளைத்திருப்பார். இணையத்தில் தேடினால் எல்லாமே புற்றுநோயில்தான் போய் முடியும்.

நீங்கள் போகிற போக்கில் சொன்னதுதான் என் கண்ணில் பட்டது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய வைட்டமின் டி பாக்கெட்டை இரண்டு மாதமாகத் தினமும் பாலில் கலக்கிக் குடிக்கிறார். ஒவ்வொன்றும் 60,000 யூனிட்! வாரம் ஒன்று என்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பது அது. கூடவே இரண்டு வேளை கால்சியம் மாத்திரை. பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். இன்றே இரண்டையும் நிறுத்துங்கள். வைட்டமின் டி உடம்புக் கொழுப்பில் தங்குவதால், நிறுத்திய பிறகும் கால்சியம் இறங்கச் சில மாதம் ஆகலாம்.

பாக்கெட் மீதே பழியைப் போட்டுவிடவும் முடியாது. இந்த வாரமே கால்சியத்தை அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு சேர்த்து மறுபடி பாருங்கள், பி.டி.எச். (கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன்), வைட்டமின் டி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் பாருங்கள். கால்சியம் ஏறியிருக்கும்போது பி.டி.எச். அடங்கியிருக்க வேண்டும். 'நார்மல்' என்று வந்தாலும் அது நார்மல் இல்லை. அப்படி வந்தால், தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று பெருத்திருக்கலாம். பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான், எடுத்தால் தீர்ந்தது.

பயப்பட வேண்டியது வேறு. ராத்திரி மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்து, செம்புத் தண்ணீரைக் காலி செய்து, அப்புறம் பகலெல்லாம் தூங்கி வழிந்து பேச்சுத் தடுமாறினால், 'வயசாகிவிட்டது' என்று விடாதீர்கள். வாந்தியும் சேர்ந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கால்சியம் 14-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. டிரிப்ஸ் ஏற்றித்தான் இறக்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருக்கிற மற்றவற்றில், முடி உதிர்வதையும் நகத்து வெள்ளைப் புள்ளியையும் விடுங்கள். மலச்சிக்கல் இதனால் வந்திருக்கலாம். பால், கேழ்வரகை நிறுத்தலாமா என்பதை ரிப்போர்ட் வந்த பிறகு பார்ப்போம்: டி கூடியிருந்தால் கொஞ்ச நாள் குறைக்கலாம், பாராதைராய்டு என்றால் நிறுத்தவே வேண்டாம்.

பிபி மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். தயசைடு வகை கால்சியத்தை ஏற்றும். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். காலி பாக்கெட்டுகள் குப்பைக்குப் போகவில்லை என்றால் அவற்றையும் கொண்டு போங்கள்.