‘எதற்கும் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி வழக்குப் போட முடியாதா?

கேள்வி: கோவையில் நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஐ.டி. நிறுவனத்தில் இருக்கிறேன். அலுவலகம் ஏற்பாடு செய்த தனியார் குழந்தைகள் காப்பகத்தில் என் ஒன்பது மாத மகளை விடுகிறேன். கட்டணத்தில் பாதி என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். போன வாரம் மதியம் பால் கொடுக்கப் போனபோது அவள் இடது தொடையில் வெந்நீர்க் கொப்புளம். பால் கலக்கும் கெட்டிலின் வயர் மேசையிலிருந்து தொங்கியதாம், இழுத்துவிட்டாளாம். அன்று பன்னிரண்டு கைக்குழந்தைகளுக்கு ஒரே ஆயா. இரண்டாம் மாடி, கிரில் கேட்டில் பூட்டு. சிசிடிவி பதிவைக் காட்ட மறுக்கிறார்கள். ‘காயம், நோய் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற சேர்க்கைப் படிவத்தில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன். எச்.ஆர். ‘அது வெளி நிறுவனம்’ என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, படிவத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் சிசிடிவி. பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும் கருவிகள்தான் பெரும்பாலான இடங்களில் இருக்கின்றன; சில நாட்களில் உங்கள் சாட்சியம் தானாக அழிந்துவிடும். ‘இந்தத் தேதி, இந்த நேரப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்’ என்று இன்றே ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். அதற்குப் பிறகும் பதிவு காணாமல் போனால், அது அவர்களுக்கு எதிராகவே பேசும். குழந்தையை அரசு மருத்துவமனையில் காட்டி, எங்கே, எப்படிக் காயம் பட்டது என்று ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடச் சொல்லி நகல் வாங்குங்கள். காயத்தின் தோற்றம் நாளாக நாளாக மாறிவிடும், அதனால்தான் தேதி தெரியும் புகைப்படங்களும் வேண்டும்.

இனி படிவம். கட்டணம் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஒரு சேவை. அதில் அலட்சியம் இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி அது சேவைக் குறைபாடு. அச்சடித்த ஒரு வரி அந்தக் கடமையைக் கரைத்துவிடாது என்பது என் உறுதியான கருத்து. ஒன்பது மாதக் குழந்தைக்கு இழப்பீடு கேட்கும் உரிமை தனியாக இருக்கிறது. அதைத் தாயின் கையெழுத்தால் எழுதி வாங்கிவிட முடியாது. பெற்றோர், குழந்தை இருவருமே நுகர்வோர்தான் என்று ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

அலட்சியத்தை எதை வைத்து நிரூபிப்பது? மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட காப்பகங்களுக்கான குறைந்தபட்ச வழிகாட்டு நெறிகளில், மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கு இருக்கிறது. அங்கே பன்னிரண்டுக்கு ஒருவர். இரண்டு பிள்ளைதானே கூடுதல் என்பார்கள். கைக்குழந்தைகள் விஷயத்தில் அது சின்ன வித்தியாசமில்லை. ஒரு குழந்தைக்கு ஆயா துணி மாற்றும் அந்த மூன்று நிமிடம், தவழ ஆரம்பித்த மற்ற பதினொரு பேரை யார் பார்த்தது? ஆணையத்தில் இந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். கொதிக்கும் நீர் தவழும் குழந்தைக்கு எட்டும் இடத்தில் ஏன் இருந்தது என்பது இரண்டாவது கேள்வி.

பூட்டிய கிரில் கேட் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகளை நெருப்புக்குக் கொடுத்த மாநிலம் இது. அதைத் தொடர்ந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளுக்குத் தீப் பாதுகாப்பு உத்தரவுகளைப் போட்டது. நடக்கத் தெரியாத பிள்ளைகளை ஒரே ஆள் இரண்டாம் மாடியிலிருந்து எப்படி இறக்குவார்? தீயணைப்புத் துறைக்கு இன்றே ஒரு புகார் எழுதுங்கள். எந்த உரிமத்தில் காப்பகம் நடக்கிறது என்று மாநகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும்.

எச்.ஆர். சொல்வது சரியில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தரவேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் பிரிவு 11ஏ சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020-இன் பிரிவு 67-லும் இதே கடமை இருக்கிறது. வேலையை வெளியாளிடம் கொடுக்கலாம், கடமையைக் கொடுத்துவிட முடியாது. ஆகவே காப்பகத்துக்கு அனுப்பும் நோட்டீஸில் உங்கள் நிறுவனத்தையும் சேருங்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. மதியம் போனதால்தானே இது தெரிந்தது!

போலீஸ் புகாரில் நிதானம் வேண்டும். சிறார் நீதிச் சட்டம், 2015-இன் பிரிவு 75, பராமரிப்பு நிறுவனத்தை நடத்துபவரோ அதில் வேலை செய்பவரோ குழந்தையைக் கொடுமைப்படுத்தினாலோ புறக்கணித்தாலோ ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் ‘வேண்டுமென்றே’ புறக்கணித்ததாகக் காட்டவேண்டும். ஆள் போதாது என்று ஆயா முன்பே சொல்லியும் நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்றால் வாதத்துக்கு வலு உண்டு. இல்லையென்றால் அலட்சியத்தால் காயம் என்ற, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 125 பொருந்தும். தயவுசெய்து அந்த ஆயாவை மட்டும் குற்றவாளியாக்கிப் புகார் எழுதாதீர்கள். அவரைத் தனியாக விட்டது நிர்வாகம். நாளை உங்களுக்கு நல்ல சாட்சியும் அவராகவே இருக்கலாம்.

மற்ற பதினொரு வீட்டுப் பெற்றோரிடமும் இன்று மாலையே பேசுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் தகவல் கொடுங்கள். நீங்கள் உங்கள் மகளை நிறுத்திவிட்டிருப்பீர்கள். அந்தக் கெட்டில் நாளைக் காலையிலும் அதே மேசையில்தான் கொதிக்கும்.