கம்பெனி பதிவு இருக்கிறது, டொமைன் இருக்கிறது, பெயர் என்னுடையதுதானே?

கேள்வி: கையால் செய்த சோப்புகளை ‘மின்மினி’ என்ற பெயரில் மூன்று வருடமாக இணையத்தில் விற்று வருகிறேன். கம்பெனியை முறையாகப் பதிவு செய்திருக்கிறேன். டொமைனும் என் பேரில்தான் இருக்கிறது. போன மாதம் ‘மின்மினீஸ்’ என்று ஒரு சோப்பு விற்பனைக்கு வந்தது. அதை வாங்கியவர்கள் என்னுடையது என்று நினைத்து என்னிடம் புகார் சொல்கிறார்கள். நான் அவர்களைத் தடுக்க முடியுமா? டிரேட்மார்க் எடுப்பதென்றால் பெயருக்கா, லோகோவுக்கா?

பதில்: கம்பெனிப் பதிவு என்பது அந்தப் பதிவேட்டில் அதே பெயரில் இன்னொரு கம்பெனி வராமல் பார்த்துக்கொள்ளும். டொமைன் என்பது ஒரு முகவரி. ஒரு பொருளின் மேல் இந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்று மற்றவரைத் தடுக்கும் உரிமையை இரண்டுமே தருவதில்லை. அந்த வேலையைச் செய்வது டிரேட்மார்க்தான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதை உங்களைப் போலவே போட்டியாளர் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

உங்கள் பெயர் நல்ல பெயர். மின்மினிக்கும் சோப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை; அதுதான் அதன் பலம். ‘நறுமண சோப்பு’ என்று வைத்திருந்தால் டிரேட்மார்க் பதிவகம் ஏற்பதே கஷ்டம். சோப்பு செய்கிற எல்லோருக்கும் தேவைப்படும் சொல்லை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பதிவான பெயர்கூடப் பொருளின் பொதுப்பெயராக மாறிவிட்டால் கைவிட்டுப் போகும். அமெரிக்காவில் ஆஸ்பிரின் 1921-லும் எஸ்கலேட்டர் 1950-லும் அப்படித்தான் போயின.

அடுத்து, அந்தப் புகார்கள். அவற்றை அழித்துவிடாதீர்கள். ‘உங்க சோப்பு போன தடவை மாதிரி இல்லையே’ என்று ஒருவர் அனுப்பிய குறுஞ்செய்தி, மக்கள் உண்மையிலேயே குழம்புகிறார்கள் என்பதற்கான சாட்சி. தேதி தெரியும்படி ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதோடு முதல் பில், பழைய லேபிள், விளம்பரத்துக்குக் கட்டிய ரசீது எல்லாவற்றையும் வருட வாரியாக ஒரே ஃபைலில் சேருங்கள். பிரிட்டன், இந்தியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் பதிவு இல்லாவிட்டாலும் முதலில் பயன்படுத்தியவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. அந்த உரிமையை நிரூபிக்க இந்தக் காகிதங்கள்தான் வேண்டும். சீனா, ஜப்பான் போன்ற நாடுகளிலோ, பெரும்பாலும் முதலில் விண்ணப்பித்தவர் கைதான் ஓங்கும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் தேட வேண்டும். அதே பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. உச்சரித்தால் ஒரே மாதிரி கேட்கும் பெயர், பார்வைக்கு ஒத்த பெயர், சில நாடுகளில் அதே பொருள் தரும் வேற்றுமொழிப் பெயர்கூடத் தடையாகலாம். உங்கள் நாட்டுப் பதிவகத்தின் தளத்திலும், உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் இலவசத் தரவுத்தளத்திலும் எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுங்கள். அந்த ‘மின்மினீஸ்’காரர் ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறாரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பெயரா, லோகோவா? பெயருக்கு முதலில். அதுவும் அலங்காரம் ஏதும் இல்லாமல், வெறும் சொல்லாக. அப்போது எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் எழுதினாலும் பாதுகாப்பு இருக்கும். லோகோவை மட்டும் பதிந்தால் பாதுகாப்பு அந்தப் படத்தைச் சார்ந்தே நிற்கும். நாலு வருடம் கழித்து நீங்களே அதை மாற்றுவீர்கள். பணம் இருந்தால் லோகோவுக்குத் தனி விண்ணப்பம் போடலாம். ஆனால் அதற்கு முன், அதை வரைந்து கொடுத்தவரிடம் உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்துவிட்டோம் என்பதால் மட்டும் பதிப்புரிமை எல்லா நாட்டிலும் உங்களுக்கு வந்துவிடாது.

விண்ணப்பம் போடுவது வகுப்பு வாரியாக. பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் 34 பொருள்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. சாதாரண சோப்பு 3-ஆம் வகுப்பு. அதுவே மருந்துச் சோப்பு என்றால் 5. நாளை மெழுகுவர்த்தியும் செய்வீர்கள் என்றால் அது 4. இந்த இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். விண்ணப்பித்த பிறகு பொருள்களின் பட்டியலில் இருந்து நீக்கலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. அதற்காக எல்லா வகுப்பிலும் போட்டு வைப்பதும் வீண்செலவு. தொடர்ந்து பயன்படுத்தாத பதிவை ரத்து செய்யக் கேட்கப் பிறருக்கு வழி உண்டு; பல நாடுகளில் அதற்கான கெடு மூன்று அல்லது ஐந்து வருடம்.

விண்ணப்பதாரர் நீங்களா, கம்பெனியா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பின்னால் கூட்டாளி சேர்ந்தாலோ, கம்பெனியை விற்றாலோ, முதல் தகராறு இதில்தான் வரும்.

அப்புறம் நடப்பது பெரும்பாலும் காத்திருப்புதான். அதிகாரி பரிசீலிப்பார். ஆட்சேபம் எழுப்பினால் கெடுவுக்குள் பதில் தர வேண்டும். தவறவிட்டால் விண்ணப்பம் போயிற்று. ஏற்றுக்கொண்டால் பதிவகத்தின் இதழில் வெளியிடுவார்கள். பிறர் எதிர்ப்புத் தெரிவிக்க இந்தியாவில் நான்கு மாதம், ஐரோப்பிய ஒன்றியத்தில் மூன்று மாதம், சிங்கப்பூரில் இரண்டு மாதம் அவகாசம். எதிர்ப்பு இல்லையென்றால் பதிவாகும். பெரும்பாலான நாடுகளில் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து எத்தனை காலமும் வைத்திருக்கலாம். பதிவு கைக்கு வரும் வரை லேபிளில் ‘டிஎம்’ குறி மட்டும் போடுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’ குறியைப் பதிவுக்கு முன்னால் போடுவது பல நாடுகளில் குற்றம்.

வெளிநாட்டுக்கும் அனுப்புகிறீர்கள் என்றால், ஒரு நாட்டின் பதிவு அந்த நாட்டோடு நின்றுவிடும். ஆனால் 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி, முதல் விண்ணப்பத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் போட்டால் அங்கேயும் முதல் தேதியையே கோரலாம். மாட்ரிட் முறை என்ற சர்வதேசப் பதிவு ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம். ஆனால் முதல் ஐந்து வருடத்துக்குள் அதற்கு அடிப்படையான சொந்த நாட்டு விண்ணப்பமோ பதிவோ விழுந்தால் மற்றவையும் விழும்.

சரி, இப்போது அந்தப் போட்டியாளர். கோபத்தில் நீங்களே ‘கோர்ட்டுக்கு இழுப்பேன்’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினால் திருப்பி உங்கள் மேலேயே வழக்குப் போடச் சில நாட்டுச் சட்டங்கள் இடம் கொடுக்கின்றன. அதே சமயம் தெரிந்தும் சும்மா இருப்பதும் ஆபத்து. அவர் பெயரைப் பதிந்துகொண்டு, நீங்களும் ஐந்து வருடம் பேசாமல் இருந்தால், எதிர்க்கும் உரிமையே பல நாடுகளில் போய்விடும். முதலில் உங்கள் விண்ணப்பத்தைப் போடுங்கள். அவருடைய விண்ணப்பம் இதழில் வந்திருந்தால், அவகாசத்துக்குள் எதிர்ப்பு மனு கொடுங்கள். நீதிமன்றத்தைவிட அதற்குச் செலவு குறைவு. பிறகு அந்த ஃபைலோடு ஒரு டிரேட்மார்க் வழக்கறிஞரிடம் போய், அவர் மூலமாக நிதானமான ஒரு கடிதம் அனுப்புங்கள். முதல் பில்லின் தேதியும் வாடிக்கையாளர் புகார்களில் இரண்டு மூன்றும் அதில் இருந்தால், பல பேர் அந்தக் கடிதத்தோடேயே பெயரை மாற்றிக்கொள்கிறார்கள்.