கால் செய்த குற்றம் என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய திடலில் சென்ற வாரம், அமெரிக்க ஜாஸின் ஒரு வகையான ஸ்விங் இசையை வாசிக்கும் ஒரு குழுவின் நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். பத்து ஆண்டுகளாகப் பதிவுகளில் மட்டுமே கேட்டுவந்த, எனக்கு மிகவும் பிடித்த குழு. மூன்றாவது பாட்டிலேயே முன்னால் இருந்தவர்கள் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். என் காலும் தானாகத் தட்டியது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன் இப்படி ஆடலாமா என்று கூச்சம் வந்துவிட, காலை ஊன்றி நிறுத்திக்கொண்டு கடைசிவரை கைபேசியில் பதிவு செய்தபடி நின்றேன். ஒலிபெருக்கி வேறு காதைத் துளைத்தது. ஸ்விங் என்பது ஓர் அடியை மூன்றாகப் பிரிக்கும் நம் திஸ்ர நடைதானா? அதை முறையாக அறிந்துகொள்ள எங்கிருந்து தொடங்க வேண்டும்?

க., திருவான்மியூர்

*

அன்புள்ள க.,

பங்குனித் திருவிழா நெருங்கும்போதெல்லாம் என் மனத்தில் வந்து நிற்கும் ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நின்றால் காதைத் துளைக்கத்தான் செய்யும். இருபது அடி பின்னால் வந்திருக்கலாம். ஸ்விங்கைத் திஸ்ர நடை என்று எழுதிவைக்க முடியாது. ஓர் அடியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை நீட்டிப் பின்பாதியைக் குறுக்குகிறார்கள். அந்த நீட்டலுக்கு நிலையான அளவு கிடையாது, வேகம் கூடக்கூட இரண்டு பாதிகளும் சமமாகிக்கொண்டே வரும். தொடங்குவதற்கு அமெரிக்கப் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸி நடத்திய குழுவின் 1930களின் பதிவுகள் போதும். 1937இல் அதில் சேர்ந்த கிதார் கலைஞர் ஃப்ரெடி கிரீன், நான்கு அடிகளையும் சீராக மீட்டிக்கொண்டே இருப்பார். டிரம்பெட்டுகளின் முழக்கத்தில் அவர் வாசிப்பது தனியாகக் காதில் விழுவது அரிது. காலுக்குத் தெரியும்.

அந்தக் காலைத்தான் நீங்கள் ஊன்றி நிறுத்திவிட்டீர்கள். இதை என்னால் எளிதில் விட முடியவில்லை. டிசம்பரில் ஏதாவதொரு சபாவில் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் தொடையில் ஆதி தாளம் போடுவார். தட்டி, சுண்டுவிரலிலிருந்து எண்ணி, மறுபடி தட்டி, வீசுவார். அவரை நாம் விவரம் தெரிந்தவர் என்று மதிக்கிறோம். அவர் தவறாகப் போட்டால்கூடப் பொறுத்துக்கொள்கிறோம். கை செய்தால் ஞானம், கால் செய்தால் அநாகரிகம் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஸ்விங் காலுக்காகவே வளர்ந்த இசை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1926இல் திறக்கப்பட்ட சவாய் நடனக்கூடத்தில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆட முடிந்த அந்த அரிய இடத்தில், ஆடுபவர்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டே வாசிக்கக் கற்றவர்கள் அந்தக் கலைஞர்கள். 1938 ஜனவரியில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழு நியூயார்க்கின் கச்சேரி மேடையான கார்னகி அரங்கில் வாசித்தபோது, மக்கள் நாற்காலியில் அமர்ந்து கேட்டார்கள். அதே ஆண்டு மே 29 அன்று அதே நகரின் ராண்டால்ஸ் தீவின் திறந்தவெளி விளையாட்டரங்கில் இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் வாசிக்க, இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் திரண்டு வந்து எழுந்து ஆடினார்கள். அமர்ந்து கேட்டவர்களையும் ஆடிக் கேட்டவர்களையும் நான் ஒன்றாகவே மதிக்கிறேன். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. பத்து ஆண்டுகள் காத்திருந்து, கடைசியில் உள்ளங்கையளவு திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, க.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் அன்று இரவு, வடக்கு மாட வீதியில் அப்பாவோடு நின்றிருந்தேன். சுவாமி சற்று நின்ற இடத்தில் நாகஸ்வரக்காரர் குழலை இறக்கிக்கொள்ள, தவில்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கினார். விரல்களில் மாட்டியிருந்த கூடுகள் தோலில் பட்டுச் சோழியை உருட்டினாற்போல் சிதறின; மறுகையின் கழி இறங்கும்போதெல்லாம் என் வயிற்றுக்குள் அதிர்ந்தது. அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அவர் உரக்கச் சிரித்துக்கூட நான் கேட்டதில்லை. அவருடைய கை என் தோளில் இருந்தது. முதலில் ஒரு விரல் தட்டியது, பிறகு நான்கு, பிறகு உள்ளங்கை முழுவதும். கீழே பார்த்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். வெறுங்காலால், தார்ச்சாலையில், என் அப்பா தாளம் மிதித்துக்கொண்டிருந்தார். தவில்காரர் ஒரு கணம் நிமிர்ந்து அந்தக் காலைப் பார்த்ததையும், அடுத்த சுற்றை அந்தக் காலுக்கென்றே வாசித்ததையும் நான் கண்டேன்.

மந்தைவெளிக்கு நடந்து திரும்பும் வழியெல்லாம் அந்தக் கை என் தோளில் வாசித்துக்கொண்டே வந்தது. அம்மா கதவைத் திறந்ததும் அப்பா கையை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில், “நேற்று ஆடினீர்களே அப்பா” என்று ஆசையாகக் கேட்டேன். கூட்டத்தில் யாரோ தள்ளிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதன்பின் அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தார். நாங்கள் எத்தனையோ கச்சேரிகளுக்குச் சேர்ந்து போனோம். அந்தக் காலை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

அந்தக் குழு மீண்டும் சென்னைக்கு வந்தால் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முடிந்தால் உங்கள் பிள்ளையையும் அழைத்துப் போங்கள்.

அன்புடன்.