செத்தவர் திரும்பி வந்து சொல்லப்போகிறாரா?

கேள்வி: மரணத்தை ஆராய மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனி மையங்களே இருக்கின்றனவாம். மருத்துவர், சமூகவியலாளர், மானிடவியலாளர், சட்ட அறிஞர் என்று ஆளாளுக்கு இதில் இறங்கியிருக்கிறார்கள். செத்தவர் திரும்பி வந்து சொல்லப்போகிறாரா? உயிரோடு இருக்கிறவர்களுக்கு உருப்படியாக எதையாவது ஆராயக்கூடாதா?
— ஒரு வாசகர், தேனி

பதில்: உயிரோடு இருக்கிறவர்களுக்காகத்தான் ஆராய்கிறார்கள். நீங்கள் தோட்டமும் வயலும் சூழ்ந்த பக்கத்தில் இருப்பவர், அதனால் பாம்புக்கடியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆஸ்பத்திரிகள் அனுப்பும் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்தியாவில் பாம்பு கடித்து இறப்பவர்கள் வருடத்துக்குச் சில ஆயிரத்தைத் தாண்டமாட்டார்கள். 2001க்குப் பிறகு, இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து பத்து லட்சம் மரணங்களை ஆராயும் பெரிய வேலை ஒன்றைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற கணக்கெடுப்பாளர் இறந்தவரின் வீட்டுக்கே போவார். அவர் மருத்துவர் அல்ல. காய்ச்சல் இருந்ததா, எத்தனை நாள், மூச்சுத் திணறியதா, எங்கே கடித்தது, யாரிடம் கொண்டுபோனீர்கள் என்று கேட்பார். வீட்டார் சொல்வதை அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதிக்கொள்வார். அந்தத் தாளை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் குறிக்க வேண்டும். கடைசிவரை இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது மருத்துவர் முடிவு சொல்வார்.

இப்படி வந்த கணக்கின்படி, 2005ஆம் ஆண்டில் மட்டும் பாம்புக்கடிச் சாவுகள் சுமார் 46,000. ஆஸ்பத்திரிக் கணக்கைப்போல முப்பது மடங்குக்கும் மேல்! கிட்டத்தட்ட எல்லோரும் கிராமத்து மக்கள். ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் வீட்டிலும் வழியிலும் போய்ச் சேர்ந்தவர்கள், எந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரிலும் ஏறாதவர்கள். எத்தனை பேர் சாகிறார்கள் என்று தெரியாத அரசாங்கம், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து வைக்க வேண்டும் என்று எதைக்கொண்டு முடிவெடுக்கும்? செத்தவர் திரும்பி வந்து சொல்லவில்லைதான். அவருடைய மனைவியும் மகனும் சொன்னார்கள், கேட்டு எழுத ஓர் ஆள் போனதால்.

அடுத்து வலி. சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முதலில் நர்ஸாக இருந்தார், பிறகு ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு படித்து டாக்டர் ஆனவர். அந்தக் காலத்தில் புற்றுநோய் முற்றிய நோயாளி கதறினால்தான், அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்பினைக் கொடுப்பார்கள். வலி திரும்புவதற்கு முன்பே, மணி பார்த்து, அளவாகக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று அவர் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் குறித்துவைத்தார். எல்லோரும் பயந்தபடி அவர்கள் போதை அடிமைகள் ஆகவில்லை. வலியில்லாமல் வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தை அவர் திறந்தபோது அங்கே சிகிச்சை, ஆராய்ச்சி, பயிற்சி மூன்றும் ஒன்றாக நடந்தன. உடல் வலியோடு கடன் கவலை, பிள்ளைகளைப் பற்றிய பயம், கடவுளிடம் கேட்கும் கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவருடைய வலி என்று அவர் சொன்னது, நர்ஸ், சமூகப் பணியாளர், டாக்டர் என்று மூன்று வேலைகளையும் பார்த்ததால் வந்த அறிவு.

நம் நாட்டில் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம், ஆஸ்பத்திரிகள் மார்பின் வாங்குவதையே பெரும்பாடாக்கியது. பல உரிமங்கள் வேண்டியிருந்ததால் பல இடங்களில் மருந்தையே நிறுத்திவிட்டார்கள். திருத்தம் வர 2014 ஆயிற்று. இடைப்பட்ட வருடங்களில் புற்றுநோயால் துடித்துச் செத்தவர்களை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வேலை ஊர்க்காரர்களே நடத்தும் இயக்கமாக வளர்ந்து, 2008இல் அந்த மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. இங்கே 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை உண்டு. எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டதா என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

சமூகவியலாளருக்கு இங்கே என்ன வேலை என்பீர்கள். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று வராந்தாவில் கையைப் பிடித்துக்கொள்ளும் மகனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே படுத்திருக்கும் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகள் உடைந்துவிடுவார்கள் என்று அவரும் வாய் திறக்கமாட்டார். 1960களில் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு அமெரிக்க சமூகவியலாளர்கள் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுகளில் இதைத்தான் பார்த்து எழுதினார்கள். நோயாளிக்கு மட்டும் தெரியாத நிலை, அவர் சந்தேகப்படும் நிலை, இரண்டு பக்கமும் தெரிந்தே நடிக்கும் நிலை, மனம் திறந்து பேசும் நிலை. மூன்றாவதில்தான் நம் வீடுகள் பெரும்பாலும் சிக்கிக்கொள்கின்றன. பத்திரம் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுவரை பேசாமலே காலம் போய்விடுகிறது.

சிகாகோவில் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் சாகும் தறுவாயில் இருப்பவர்களிடம் பேச வேண்டும் என்று கேட்டபோது, அப்படி யாரும் எங்கள் வார்டில் இல்லை என்றே மருத்துவர்கள் கைவிரித்தார்கள். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில்! 1969இல் அவர் எழுதிய மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை இன்று துக்கத்துக்கான படிக்கட்டாகவே பலர் ஒப்பிக்கிறார்கள். அவர் பேசியது முதன்மையாகச் சாகப்போகிறவர்களைப் பற்றி. எல்லோரும் அந்த வரிசையில்தான் போவார்கள் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் ஏற்கவில்லை. கணவரை இழந்தவரிடம் போய் "உங்களுக்கு இன்னும் கோபமே வரவில்லையே" என்று கேட்பதை நிறுத்தவும் இந்த ஆராய்ச்சிதான் வேண்டியிருக்கிறது.

மானிடவியலில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். தென்கிழக்கு ஆசியத் தீவான போர்னியோவின் தயாக் மக்கள் உடலை முதலில் தற்காலிகமாக வைத்து, நெடுநாள் கழித்து எலும்புகளுக்கு இறுதிச் சடங்கு செய்வதைப் பற்றி ராபர்ட் ஹெர்ட்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1907இல் எழுதினார். ஒருவர் இறந்துபோவது ஒரு நொடியில் முடிவதில்லை, ஊர் அவரை வழியனுப்பி முடிக்கும்வரை நீள்கிறது என்றார். 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரைப் புதைக்க விடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. அந்தக் குடும்பம் அன்று எதை இழந்தது என்பதைக் கிருமியியல் சொல்லாது.

சட்டம் கடைசியாக வந்தது. குணமாக வழியில்லாத நிலையில், தன்னால் பேச முடியாமல் போனால், உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. அதற்கு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததால் பலரால் அந்தப் பக்கமே போக முடியவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தேனியிலும் நோட்டரிகள் இருக்கிறார்கள்.