மூன்றடி மீன் தொட்டியைச் சுவர்ப் பலகையில் வைக்கலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். 3 அடி நீளம், 1¼ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள மீன் தொட்டியை வரவேற்பறைச் சுவரில் பலகை அடித்து, அதன் மேல் வைக்க விரும்புகிறோம். இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் தொட்டி உயரத்தில் இருப்பது நல்லது என்று நினைக்கிறோம். பலகையைத் தாங்க ‘L’ வடிவ இரும்புத் தாங்கிகளான எல் ஆங்கிள் மூன்று போட்டால் போதும் என்கிறார் தச்சர். போதுமா?

பதில்: போதாது. இந்த அளவுள்ள தொட்டியைச் சுவரை மட்டும் நம்பித் தொங்கவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் எடையைக் கணக்கிடுவோம். 8 மி.மீ. கண்ணாடியில் செய்த இந்தத் தொட்டி வெறுமையாகவே ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்பினால் மேலும் 28 கிலோ. விளிம்பில் இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினாலும் 130 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அது 130 கிலோ. மூடி, விளக்கு, ஃபில்டர், அலங்காரக் கற்களையும் சேர்த்தால் மொத்தம் 200 கிலோவை நெருங்குகிறது. அதுவும் ஒரு நாள் வைத்து எடுக்கும் பாரமன்று. இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நிற்கப்போகும் பாரம்.

எடையைவிடக் கவலைக்குரியது, அது சுவரிலிருந்து தள்ளி நிற்பதால் உண்டாகும் இழுப்பு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நெடுந்தூரம் நடக்கிறோம். அதே குடத்தை நீட்டிய கையில் ஒரு நிமிடம் ஏந்த முடிவதில்லை. உங்கள் தொட்டியின் எடை சுவரிலிருந்து சுமார் 20 செ.மீ. தள்ளி மையங்கொள்ளும். ஆங்கிளின் சுவரோடு ஒட்டிய பகுதியில் மேல் போல்ட்டுக்கும் கீழ் விளிம்புக்கும் 10 செ.மீ. இடைவெளிதான் என்றால், மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்க முயலும் விசை, எல்லாம் சேர்த்து, எடையின் இரு மடங்கு, அதாவது 400 கிலோ. அந்த இடைவெளியை 40 செ.மீ. ஆக்கிக் குறுக்குத் தாங்கியும் கொடுத்தால் இழுப்பு 100 கிலோவாகக் குறையும். ஆகவே, எத்தனை ஆங்கிள் என்பதைவிட ஆங்கிள் சுவரில் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதே முக்கியம். மூன்று ஆங்கிளும் சுமையைச் சரிசமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்றும் நம்ப முடியாது, அரை மி.மீ. உயரமாக அமைந்துவிட்ட ஆங்கிள் அதிகம் சுமக்கும். தொட்டியைக் கழுவும்போது முன்விளிம்பில் ஒருவர் 30 கிலோ அளவுக்குச் சாய்ந்தாலே இழுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

அடுத்து, அந்தச் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். பழைய வீடுகளின் 9 அங்குலச் செங்கல் சுவர் வேறு. அடுக்குமாடிகளில் அறைகளைப் பிரிக்கும் 4½ அங்குலச் சுவர் வேறு. மறைவான ஓரிடத்தில் சிறு துளையிட்டால் தெரிந்துவிடும். பூச்சைக் கடந்ததும் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். ட்ரில் சிரமமின்றி உள்ளே போய் வெளிர் நிறத்தில் மிருதுவான தூள் கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல். சற்றுத் தூரம் சென்றதும் ட்ரில் வெற்றிடத்தில் விழுந்தால் உள்ளே கூடான ஹாலோ பிளாக். பின்னிரண்டிலும் சாதாரண ஆங்கர் போல்ட்டை முறுக்கினால் அது விரிந்து பிளாக்கையே உடைத்துவிடும். துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறையான ராவல் பிளக்கும் ஸ்குரூவும் படம் மாட்டுவதற்கு உரியவை; தொடர் சுமையில் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கும். பூச்சின் கனத்துக்கு எந்தப் பலமும் கிடையாது என்பதால், போல்ட்டின் பிடிமானத்தைக் கல்லுக்குள் இறங்கிய நீளத்தை வைத்தே கணக்கிட வேண்டும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, எடையைத் தரைக்கு இறக்கும் ஸ்டாண்டு. 40 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் நான்கு கால்களும் மேலும் கீழும் சட்டமும் வைத்து, வெல்டிங் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். நான்கு கால்கள் வேண்டாம், சுவரோடு ஒட்டிய தோற்றம்தான் வேண்டும் என்றால், பின்பக்கத்தைச் சுவரில் பொருத்தி முன்பக்கத்துக்கு மட்டும் இரண்டு கால்கள் தரலாம். அப்போது போல்ட்டைப் பிடுங்கும் இழுப்பு அநேகமாக இல்லாமற்போகும். ஆனாலும் பின்பாதி எடையைச் சுவரே சுமக்கும் என்பதால், கெட்டியான செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் மட்டுமே இதைச் செய்யலாம். தளத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875-இன்படி குடியிருப்பு அறைகளின் தளம், அறை முழுவதிலும் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. முறைப்படி கட்டிய கான்கிரீட் தளத்தில், பீம் செல்லும் சுவரை ஒட்டி இந்தத் தொட்டியை வைப்பதில் சிக்கல் இராது. 500 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி என்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

ஸ்டாண்டின் மேல் 19 மி.மீ. கனமுள்ள, ஐ.எஸ். 710 முத்திரையிட்ட, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் போடுங்கள். மரத்தூளையும் மரநாரையும் அழுத்திச் செய்த எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும் ஈரம் பட்டால் உப்பிவிடும். பலகையின் நடுப்பகுதி சிறிது தொய்ந்தாலோ ஒரு மூலை இறங்கினாலோ, அந்த முறுக்கத்தைக் கண்ணாடியும் சிலிக்கான் ஒட்டுமே ஏற்க வேண்டியிருக்கும். விரிசலும் கசிவும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. அடிப்புறக் கண்ணாடி நேரடியாகப் பலகையில் அமரும் தொட்டிக்குக் கீழே அரை அங்குலத் தெர்மாகோல் விரியுங்கள். அடியில் பிளாஸ்டிக் சட்டமுள்ள தொட்டிக்கு அது தேவையில்லை. கடப்பா கல் பதித்த செல்ஃபில் வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு; கடப்பா வளைந்து காட்டாது, முன்னறிவிப்பின்றி முறியும் என்பதால் அதற்கு நான் உடன்படுவதில்லை.

குழந்தையைப் பற்றிய உங்கள் கவலை மிக நியாயமானது. ஸ்டாண்டின் மேற்சட்டத்தை இரண்டு கிளாம்பால் சுவரோடு பிணைத்துவிட்டால், குழந்தை பிடித்து ஏற முயன்றாலும் சாயாது. கீழ்ப்பகுதிக்குக் கதவு வைத்துப் பூட்டுங்கள். மூடிக்கும் கொக்கி போடுங்கள். துளையிடுமுன் அவ்விடத்தில் மின்கம்பிக் குழாயோ தண்ணீர்க் குழாயோ செல்லவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வயரில் வழியும் நீர் சுவிட்ச் பெட்டிக்குள் போகாதபடி, பிளக்குக்குக் கீழே வயரைச் சற்றுத் தொங்கவிட்டு மேலே கொண்டு செல்லுங்கள்.

சுவர்ப் பலகையில்தான் மீன் வளர்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், 9 அங்குலச் செங்கல் சுவரில், நன்கு இறங்கிய ஆங்கிள்களின் மேல் 12 லிட்டர் அளவுள்ள ஓரடித் தொட்டியைத் தயங்காமல் வைக்கலாம். எல்லாம் சேர்ந்து 20 கிலோ அளவில் நிற்கும். எதை வைத்தாலும் ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். பாதி நிரப்பி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, மீதியை மறுநாள் நிரப்பி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் மட்டம் பாருங்கள். நீரின் மேல்விளிம்பு கண்ணாடியின் இரு முனைகளிலும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால், நீரை இறக்கிவிட்டு ஸ்டாண்டின் காலைச் சரிசெய்த பிறகே மீன்களை விடுங்கள்.