வைரஸால் ஏன் தானாகப் பெருக முடியாது?

வைரஸ் என்பது புரத உறைக்குள் சுருட்டி வைத்த மரபணுக் குறிப்பு, அவ்வளவுதான். சில வகைகளுக்கு மேலே ஒரு கொழுப்புப் படலமும் உண்டு (சோப்பு குலைப்பது அதைத்தான்). புரதம் செய்யும் ரைபோசோம் அதனிடம் இல்லை, ஆற்றல் உண்டாக்கவும் வழியில்லை. அதனால் பெருக வேண்டுமென்றால் உயிருள்ள ஒரு செல்லுக்குள் நுழைந்தே ஆக வேண்டும்.

அச்சகத்தில் யாரோ நழுவவிட்ட தாளை நினைத்துக்கொள்ளுங்கள். இது யாருடையது என்று இயந்திரம் கேட்காது. பிரதி எடுத்துத் தள்ளும். செல்லும் அப்படித்தான் ஏமாறுகிறது. அப்புறம் அந்தப் பிரதிகள் வெளியேறி அடுத்தடுத்த செல்களைப் பிடிக்கும்.

வைரஸால் வரும் சளிக்கும் ஆன்டிபயாடிக் கேட்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாக்டீரியாவின் செல்சுவர், ரைபோசோம் போன்றவற்றைத் தாக்கும் மருந்து, வைரஸிடம் அவை கிடையவே கிடையாது.