பெரிய ரயர் போட்டதால் கிளச் எரிந்தது: கராஜிடம் காசு கேட்கலாமா?

முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மாரியில் சேற்றில் புதைகிறது என்று, லீசிங்கில் எடுத்த மனுவல் கியர் டபிள் கப்புக்கு (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்) வவுனியாவில் ஒரு கராஜில் பெரிய ரயர் போட்டிருக்கிறார். "ஒரு பிரச்சினையும் வராது, எல்லாரும் போடுகினம்" என்றார்களாம். மூன்றாவது கிழமை, நெல் மூட்டைகளோடு குளக்கட்டில் ஏறும்போது கிளச் எரிந்துவிட்டது. அதற்கு முன்பே ஏ9 வீதியில் வேகத்துக்காகப் பொலிஸ் தண்டம் எழுதிவிட்டது. வேக மீற்றர் 70 கிலோமீற்றர்தான் காட்டியது என்கிறார். கிளச் செலவைக் கராஜிடம் கேட்கலாமா, அந்த ரயர் சட்டப்படி பிழையா என்பது கேள்வி.

கேட்கலாம். ஆனால் அதற்கு முன், கழற்றிய கிளச் பிளேட் எங்கே? திருத்திய இடத்திலேயே விட்டிருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வையுங்கள். கண்ணாடி போல மினுங்கும் பிளேட்டும், அதை அழுத்திப் பிடிக்கும், சூட்டில் நீலம் பாய்ந்த பிரஷர் பிளேட்டும்தான் உங்கள் பெரிய சாட்சி. பழைய இரும்புக்குப் போனால் வழக்கின் பாதி போய்விடும்.

ஏன் எரிந்தது என்று பாருங்கள். உங்கள் பழைய ரயர் 225/70 (அகலம் 225 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 70 வீதம்), றிம் 15 அங்குலம். உயரம் ஏறக்குறைய 696 மில்லிமீற்றர். புதியது 31 அங்குலம், அதாவது 787 மில்லிமீற்றர். 13 வீதம் உயரம் கூடிவிட்டது. எஞ்சின் அதேதான், கியரும் அதேதான். ஆனால் சில்லு ஒரு சுற்றில் கூடத் தூரம் ஓடுவதால், முதல் கியர் முன்பு இழுத்த இழுவை இப்போது இல்லை. பாரத்தோடு மேட்டில் எடுக்கும்போது கிளச்சைப் பாதியில் பிடித்து வழுக்கவிட்டுத்தான் எடுக்க முடியும். பின் அச்சில் சில்லைச் சுற்றவைக்கும் பற்சக்கரங்களான கிரவுண் வீல், பினியன் விகிதத்தை மாற்றாமல் இந்த ரயரைப் போடுவது சரியான வேலை இல்லை. இதை வாகன உரிமையாளருக்குச் சொல்ல வேண்டியவர் கராஜ்காரர்.

மீற்றருக்கும் அதே கணக்குத்தான்: 70 காட்டும்போது நீங்கள் ஓடியது 79. தயவுசெய்து நீதிமன்றத்தில் "மீற்றர் 70 காட்டியது" என்று வாதாடாதீர்கள். வேக வழக்குக்கு அது பதிலாகாது. வாகனத்தை மாற்றியதை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ரயர் அளவு உங்கள் வாகனப் பதிவுச் சான்றிதழிலேயே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், பதிவு விவரங்கள் மாறினால் மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் ஓடினால் பொறுப்பு உங்களுடையது; கராஜ்காரர் சொன்னார் என்பது பொலிஸிடம் எடுபடாது. லீசிங் முடியும்வரை முழு உரிமையாளர் நிதி நிறுவனம், அவர்களுடைய எழுத்து மூலச் சம்மதமும் தேவை. எனக்குக் கூடுதல் கவலை தருவது காப்புறுதி. விபத்து நடந்தால் மதிப்பீட்டாளர் முதலில் படம் எடுப்பது ரயரைத்தான். அறிவிக்காத மாற்றத்தைக் காட்டி உங்கள் வாகனச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்க இடம் இருக்கிறது.

சரி, கராஜ் விஷயம். 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். நெல் ஏற்றுவேன், சேற்றில் ஓடுவேன் என்று நீங்கள் அவர்களிடம் சொன்னீர்களா? இதில்தான் வழக்கு நிற்கும். கூட நின்றவர் யாராவது இருந்தால் அவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டு, கிளச் திருத்திய பில், ரயர் பக்கத்தில் உள்ள எண்ணின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, பதிவுத் தபாலில் கராஜுக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். ரயர் போட்டு மூன்று மாதம் கடக்க விடாதீர்கள். மத்தியஸ்த சபையும் உண்டு; வவுனியாக் கராஜோடு நீதிமன்றத்துக்கு அலைவதைவிட அங்கே பேசித் தீர்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். ரயர் விலையும் கிளச் செலவும் முழுதாகக் கிடைக்காவிட்டாலும், பாதிக்கு மேல் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அதுவரை பழைய ரயரை மாட்டி ஓடுங்கள். சேற்றில் பிடிப்புத் தருவது ரயரின் வெட்டு. அதே 225/70 அளவில் ஆழமான வெட்டுள்ள சேற்று ரயர் கிடைத்தால் கேட்டு வாங்குங்கள்.